பேட்டரி வண்டி நின்னுபோச்சா? கடைக்கு தள்ளிட்டு போறதுக்கு முன்னாடி வீட்லயே பார்க்க வேண்டியது (கடலூர், பாண்டி பக்கம் ஓட்டுறவங்களுக்கு)

எங்க தெருவுல ஆகட்டும், சொந்தக்காரங்க வீட்ல ஆகட்டும், பேட்டரி வண்டி நின்னுச்சுன்னா போன் எனக்குதான் வரும். திரும்பத் திரும்ப அதே கோளாறுதான். கடலூர் முதுநகர்ல இருந்து பாண்டி முத்தியால்பேட்டை வரைக்கும் கடல ஒட்டியே இருக்கிற நம்ம பக்கத்துல வண்டி நிக்கிறதுக்கு பெரும்பாலும் பேட்டரியும் காரணம் இல்ல, மோட்டாரும் காரணம் இல்ல. உப்புக்காத்து பட்டு ஏதாவது ஒரு கனெக்டர்ல பச்சைக் களிம்பு ஏறியிருக்கும், இல்லன்னா பிரேக் சுவிட்ச் ஒட்டிக்கிட்டு இருக்கும். ஆனா எடுத்த உடனே "பேட்டரி போச்சு"ன்னு யாராவது சொல்லிடுறாங்க, பத்தாயிரத்துக்கு மேல செலவு பண்ணி புது செட்டு போட்ட பிறகும் அதே இடத்துல வண்டி நிக்குது. அது நடக்கக்கூடாதுன்னுதான் இத எழுதுறேன்.

இங்க சொல்றது பின் சக்கரத்துலயே மோட்டார் இருக்கிற சாதாரண வண்டிக்கு, அதாவது 48, 60, 72 வோல்ட்ல வர்ற, லெட் ஆசிட் இல்லன்னா லித்தியம் பேட்டரி போட்ட வண்டி. லைசென்ஸ் தேவையில்லாத 250 வாட், 25 கி.மீ. வேக வண்டிங்க எல்லாம் இதுல அடக்கம். ஆப்போட வர்ற, நம்பர் பிளேட் போட்ட பெரிய கம்பெனி வண்டி வாரண்டில இருந்தா எதையும் கழட்டாதீங்க, வாரண்டி போயிடும். வெளியில இருந்து பார்க்கிற செக் மட்டும் பண்ணிட்டு சர்வீஸ் சென்டர கூப்பிடுங்க.

## கையில இருக்க வேண்டியது

ஒரு சாதாரண மல்டிமீட்டர், சில நூறு ரூபாய்க்கே கிடைக்கும். வீட்ல கரண்ட் பார்க்கிற லைட் எரியிற டெஸ்டர் இதுக்கு உதவாது, பேட்டரில வர்றது டிசி, அதுல எரியாது. அப்புறம் ஸ்க்ரூ டிரைவர், ஸ்பேனர் செட்டு, நம்பர் பூஜ்யம் உப்புத்தாள், பழைய டூத் பிரஷ், கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே ஒரு டப்பா, கொஞ்சம் வாசலின், இன்சுலேஷன் டேப். அவ்ளோதான்.

கை வைக்கிறதுக்கு முன்னாடி மோதிரம், வளையல், வாட்ச் எல்லாம் கழட்டி வைங்க. சாவி ஆஃப், சீட்டுக்கு கீழ இருக்கிற எம்சிபி (கரண்ட் அதிகமா போனா தானா விழுற மெயின் சுவிட்ச்) ஆஃப். ஸ்பேனர் கைப்பிடில டேப் சுத்திக்கோங்க, ஏன்னா பேட்டரி டெர்மினல் ரெண்டையும் ஸ்பேனர் ஒண்ணா தொட்டுச்சுன்னா அந்த இடத்துலயே நெருப்பு பறக்கும், ஸ்பேனரே உருகும். கீழ சில செக்குக்கு கரண்ட் ஆன்ல இருக்கணும், அத அங்கங்க சொல்றேன், மத்த நேரம் எல்லாம் ஆஃப்தான்.

லித்தியம் பேட்டரி பெட்டிய எந்தக் காரணத்துக்காகவும் வீட்ல திறக்காதீங்க. பெட்டி உப்பியிருந்தாலோ, இனிப்பு மாதிரி ஒரு கெமிக்கல் வாசனை வந்தாலோ, சும்மா நிக்கும்போதே சூடா இருந்தாலோ சார்ஜ் போடுறத நிறுத்திட்டு வண்டிய வீட்டுக்கு வெளிய, வேற வண்டி பக்கத்துல இல்லாத இடத்துல நிறுத்துங்க. அதுக்கு மேல கம்பெனி ஆளுதான் வரணும்.

## கோளாறு 1: சாவி போட்டா ஒண்ணுமே வரல, டிஸ்ப்ளே கூட எரியல

முதல்ல எம்சிபி. பார்க்க ஆன்ல இருக்கிற மாதிரியே தெரியும், ஒரு தடவை முழுசா கீழ தள்ளி திரும்ப மேல போடுங்க. மேடு பள்ளத்துல குதிச்சு இறங்கினாலே சில எம்சிபி விழுந்துடும். போட்ட உடனே டப்புன்னு விழுதுன்னா எங்கயோ ஷார்ட் இருக்கு, திரும்பத் திரும்ப போடாதீங்க, கயிறு கட்டியோ டேப் ஒட்டியோ பிடிச்சு நிறுத்தவே நிறுத்தாதீங்க. அது மெக்கானிக் வேலை.

அடுத்து ஹேண்டில்பார ஆட்டிப் பாருங்க. சாவிய ஆன்ல வச்சுட்டு ஹேண்டில மெதுவா இடது கடைசி, வலது கடைசின்னு திருப்புங்க. ஒரு பக்கம் திருப்பும்போது டிஸ்ப்ளே வந்து வந்து போச்சுன்னா கழுத்துப் பகுதில ஒயர் உள்ளுக்குள்ள அறுந்திருக்கு. தினம் திருப்பித் திருப்பி மடங்குற இடம் அது. மேல் பிளாஸ்டிக் நல்லாத்தான் இருக்கும், உள்ள செம்பு அறுந்து தொட்டுக்கிட்டு இருக்கும். ஒயர் மாத்த தெரிஞ்ச எலக்ட்ரீசியனே சரி பண்ணிடுவாரு.

அதுலயும் இல்லன்னா மீட்டர எடுங்க. டிசி 200 வோல்ட்ல வச்சு பேட்டரி செட்டோட ரெண்டு கடைசி முனைய தொட்டுப் பாருங்க. லெட் ஆசிட்னா ஃபுல் சார்ஜ்ல 48 வோல்ட் வண்டிக்கு 51 கிட்ட, 60 வோல்ட் வண்டிக்கு 64 கிட்ட, 72 வோல்ட் வண்டிக்கு 76, 77 கிட்ட காட்டணும்.

இங்க ரெண்டு வழி பிரியுது:

வோல்ட் சரியா காட்டுது, ஆனா எம்சிபிக்கு அந்தப் பக்கம் இல்ல: எம்சிபி போயிடுச்சு, அதே ஆம்பியர்ல டிசி எம்சிபி வாங்கி மாத்தணும். எம்சிபி தாண்டியும் வருது, சாவி சுவிட்ச்ல இருந்து வெளிய வரல: சாவி செட்டு போயிடுச்சு. ரெண்டுமே சின்ன செலவுதான்.

வோல்ட் பூஜ்யம், இல்ல ஏதோ அரையும் குறையுமா காட்டுது: பேட்டரிக்கு பேட்டரி போற லிங்க் ஒயர பாருங்க. ஒரு நட்டு லூஸா இருக்கும், இல்லன்னா டெர்மினல்ல வெள்ளையா, பச்சையா பூத்து இருக்கும். எம்சிபி ஆஃப் பண்ணிட்டு கழட்டி, உப்புத்தாள்ல தேய்ச்சு, செம்பு பளபளன்னு தெரியிற வரைக்கும் சுத்தம் பண்ணி, இறுக்கி முடிச்சு, மேல லேசா வாசலின் தடவுங்க. வாசலின இறுக்கின பிறகுதான் தடவணும். லித்தியம்னா பெட்டிக்குள்ள பிஎம்எஸ் (பேட்டரிய காப்பாத்துற சர்க்யூட்) கட் பண்ணியிருக்கும், சார்ஜர் போட்டு அரை மணி நேரம் பாருங்க, சில சமயம் அதுலயே முழிச்சுக்கும். முழிக்கலன்னா கடைக்குத்தான்.

## கோளாறு 2: டிஸ்ப்ளே எரியுது, ஹாரன் அடிக்குது, ஆக்ஸிலேட்டர் முறுக்கினா வண்டி நகரல

எனக்கு வர்ற போன்ல அதிகம் இதுதான், கடைல அதிகம் ஏமாறுறதும் இதுலதான், அதனால கொஞ்சம் நிதானமா பாருங்க.

டிஸ்ப்ளேல 'பி' எழுத்து தெரியுதா? பார்க்கிங் மோடு. பட்டன அமுக்குங்க, இல்லன்னா பிரேக்க ஒரு தடவை பிடிச்சு விடுங்க. சைடு ஸ்டாண்டு சென்சார் இருக்கிற வண்டின்னா ஸ்டாண்ட நல்லா மேல தூக்குங்க. பீச் மணல் அந்த சென்சார்ல போய் உக்காந்துச்சுன்னா ஸ்டாண்டு மேல இருந்தாலும் கீழ இருக்குன்னே வண்டி நினைச்சுக்கும், சில்வர் பீச்சுக்கு போயிட்டு வந்த வண்டிங்கள்ல இத பார்த்திருக்கேன்.

பின்னாடி போய் பிரேக் லைட்ட பாருங்க. சாவி ஆன்ல இருக்கு, பிரேக்க யாரும் பிடிக்கல, ஆனா பிரேக் லைட் எரியுதா? அப்ப பிரேக் சுவிட்ச் ஒட்டிக்கிச்சு. பிரேக் பிடிச்சா மோட்டாருக்கு கரண்ட் கட் ஆகுற மாதிரிதான் இந்த வண்டிங்கள செஞ்சிருக்காங்க, அதனால சுவிட்ச் ஒட்டிக்கிட்டா நீங்க எவ்ளோ முறுக்கினாலும் நகராது. பிரேக் லிவருக்கு கீழ ஒரு சின்ன பட்டன் இருக்கும், அத நாலஞ்சு தடவை அமுக்கி விட்டு, கிளீனர் ஸ்ப்ரே அடிங்க. அப்பவும் ஒட்டினா அந்த சுவிட்ச்சோட ரெண்டு ஒயர் கனெக்டர கழட்டிட்டு முறுக்கிப் பாருங்க, சக்கரம் சென்டர் ஸ்டாண்டுல தூக்கி இருக்கணும். ஓடுச்சுன்னா கண்டுபிடிச்சாச்சு. ரெண்டு லிவர்லயும் சுவிட்ச் உண்டு, ரெண்டையும் பாருங்க. கழட்டி விட்டுட்டே நிரந்தரமா ஓட்டாதீங்க, பிரேக் லைட்டும் எரியாது, பின்னாடி வர்றவன் இடிச்சுடுவான். புது சுவிட்ச் வாங்கி போட்டுடுங்க, விலை ரொம்பக் கம்மி.

ஆக்ஸிலேட்டர். இதுல மூணு மெல்லிசு ஒயர் வரும், சிவப்பு, கருப்பு, இன்னொண்ணு பச்சையோ வெள்ளையோ இருக்கும். சாவி ஆன், சக்கரம் தூக்கியிருக்கு, கனெக்டர் மாட்டினபடியே மீட்டர் முனைய பின்பக்கமா நுழைச்சு பாருங்க. சிவப்புக்கும் கருப்புக்கும் நடுவுல 5 வோல்ட் கிட்ட வரணும். கருப்புக்கும் மூணாவதுக்கும் நடுவுல முறுக்காம இருக்கும்போது 1 வோல்ட்டுக்கு கொஞ்சம் முன்ன பின்ன இருக்கணும், மெதுவா முறுக்கினா ஏறிக்கிட்டே போய் மூணரை, நாலுன்னு வரணும்.

5 வோல்ட்டே வரலன்னா: கன்ட்ரோலர்ல (மோட்டாருக்கு போற கரண்ட கட்டுப்படுத்துற டப்பா) இருந்தே வரல. ஆனா உடனே கன்ட்ரோலர் போச்சுன்னு முடிவு பண்ணாதீங்க, ஆக்ஸிலேட்டர் கனெக்டரையும் மோட்டார் ஹால் (சக்கரம் எந்த நிலைல இருக்குன்னு சொல்ற சென்சார்) கனெக்டரையும் கழட்டிட்டு அந்த 5 வோல்ட்ட திரும்ப அளந்து பாருங்க. இப்ப வந்துச்சுன்னா அந்த ரெண்டுல ஒண்ணு ஷார்ட் ஆகி 5 வோல்ட்ட இழுத்துக்கிட்டு இருந்திருக்கு.

5 வோல்ட் வருது, மூணாவது ஒயர் ஏறலன்னா: ஆக்ஸிலேட்டர் போயிடுச்சு, மாத்திடுங்க, வீட்லயே பண்ணலாம்.

எல்லாமே சரியா வருது, அப்பவும் ஓடலன்னா: அடுத்து சொல்ற மாதிரி கனெக்டர் எல்லாம் பாருங்க, அதுலயும் இல்லன்னா கோளாறு 3-க்கு போங்க.

கனெக்டர். இத தனியா சொல்லணும். தேவனாம்பட்டினத்துல இருந்து மீன் எடுத்துட்டு வந்து டவுன்ல விக்கிற அக்கா ஒருத்தங்க வண்டி, பின்னாடி கேரியர்ல ஐஸ் பெட்டி கட்டி ஓட்டுவாங்க. "இன்னா தம்பி, பேட்டரி போச்சு, மோட்டாரும் பாக்கணும்னு சொல்லிட்டாங்கப்பா, அவ்ளோ காசுக்கு நான் எங்க போவேன்"னு வந்து நின்னாங்க. பேட்டரிய அளந்தேன், எல்லாம் நல்லா இருந்துச்சு. சீட்டுக்கு கீழ பின்பக்க பிளாஸ்டிக் கவர கழட்டினா, மோட்டார்ல இருந்து வர்ற ஹால் ஒயர் கனெக்டர் ஐஸ் பெட்டில இருந்து உப்புத்தண்ணி சொட்டுற இடத்துக்கு நேர் கீழ இருக்கு. வெள்ளை பிளாஸ்டிக் கனெக்டர் முழுக்க பச்சையா மாறி, நடு பின் பொடியாவே உதிர்ந்து போச்சு. அஞ்சு பின் கனெக்டர் புதுசா ஒண்ணு போட்டு, ஒயர முறுக்கி சால்டர் வச்சு, வாய் கீழ பார்க்கிற மாதிரி திருப்பிக் கட்டி, மேல சைக்கிள் டியூப் துண்ட உறை மாதிரி போட்டு முடிச்சேன். அதே பேட்டரிலதான் இப்பவும் வியாபாரத்துக்கு போறாங்க.

அதனால ஒவ்வொரு கனெக்டரா கழட்டி வெளிச்சத்துல பாருங்க. பச்சையா இருக்கா, கருகி பழுப்பா இருக்கா, பின் உள்ள போயிருக்கா? பச்சைன்னா கான்டாக்ட் கிளீனர் அடிச்சு பிரஷ்ல தேய்ங்க, காய விடுங்க, அழுத்தி மாட்டுங்க. கருகி இருந்தா சுத்தம் பண்ணி பிரயோஜனம் இல்ல, கனெக்டரையே மாத்தணும், ஏன்னா அது திரும்பவும் சூடாகும். பிடிச்சு இழுத்தா வர்ற கனெக்டர் லூஸ்னு அர்த்தம். மோட்டாருக்கு போற மூணு தடிமனான ஒயர், மஞ்சள், பச்சை, நீலம், அதோட ஜாயிண்டுங்கதான் அதிகம் கருகும். கழட்டுறதுக்கு முன்னாடி போன்ல ஒரு போட்டோ எடுத்துக்கோங்க, எது எங்க இருந்துச்சுன்னு தெரியணும்.

## கோளாறு 3: வண்டி உதறுது, கிர்ருன்னு சத்தம் போட்டு நகர மாட்டேங்குது, தள்ளி விட்டா மட்டும் ஓடுது

இது ஹால் சென்சார் இல்லன்னா தடி ஒயர் சமாச்சாரம்.

சக்கரம் இறுக்கமா இருக்கா? எம்சிபி ஆஃப் பண்ணிட்டு சென்டர் ஸ்டாண்டுல பின் சக்கரத்த கையால சுத்துங்க. கட கடன்னு விட்டு விட்டு கஷ்டப்பட்டு சுத்துதுன்னா மூணு தடி ஒயரையும் கன்ட்ரோலர் பக்கம் கழட்டி, ஒண்ண ஒண்ணு தொடாம தனித்தனியா விட்டுட்டு திரும்ப சுத்துங்க.

இப்ப லேசா சுத்துது: கன்ட்ரோலர் உள்ள ஷார்ட். அத ரிப்பேர் பண்றத விட மாத்துறதுதான் நல்லது. அதே வோல்ட், அதே வாட்ல எடுக்கணும், வேற கம்பெனி கன்ட்ரோலர்னா ஒயர் கலர் மாறும், அதனால தெரிஞ்சவங்ககிட்ட கொடுங்க.

இப்பவும் இறுக்கமாதான் இருக்கு: ஒண்ணு பிரேக் உரசுது, ஒண்ணு பேரிங் போயிருக்கு, இல்லன்னா மோட்டார்ல இருந்து வர்ற ஒயர் அச்சுக்கிட்ட நசுங்கி ஒண்ணோட ஒண்ணு தொட்டிருக்கு. அச்சு ஓட்டைல இருந்து ஒயர் வெளிய வர்ற இடத்த டார்ச் அடிச்சு பாருங்க, தோல் உரிஞ்சிருந்தா கண்ணுக்கே தெரியும்.

சக்கரம் லேசா சுத்துது, ஆனா உதறுது: ஹால பாருங்க. எம்சிபி, சாவி ரெண்டும் ஆன், மோட்டார்ல இருந்து வர்ற அஞ்சு மெல்லிசு ஒயர் கனெக்டர்ல கருப்பு முனைய கருப்பு ஒயர்ல வைங்க, சிவப்பு முனைய மஞ்சள், பச்சை, நீலம்னு ஒவ்வொண்ணா வச்சு சக்கரத்த கையால ரொம்ப மெதுவா சுத்துங்க. ஆக்ஸிலேட்டர் பக்கம் யாரும் கை வைக்கக்கூடாது, குழந்தைங்கள தள்ளி நிக்கச் சொல்லுங்க. மூணுலயும் பூஜ்யத்துக்கும் 5 வோல்ட்டுக்கும் மாறி மாறி வரணும். ஒண்ணு மட்டும் மாறாம அப்படியே நின்னா அந்த ஹால் சென்சார் போயிடுச்சு, இல்ல அந்த ஒயர் அறுந்திருக்கு.

ஹால் மாத்துறதுக்கு மோட்டார பிரிக்கணும். உள்ள இருக்கிற காந்தம் ரொம்ப பலமானது, விரல் நடுவுல மாட்டினா நசுக்கிடும், அதனால வீட்ல பிரிக்காதீங்க. மெக்கானிக்கிட்ட போங்க, போகும்போது "நீல ஒயர் ஹால் மாற மாட்டேங்குது"ன்னு குறிப்பா சொல்லுங்க, பாதி வேலை அங்கயே முடிஞ்சிடும்.

## கோளாறு 4: நல்லா ஓடுது, பாலம் ஏறும்போது கட் ஆகுது, ஆஃப் பண்ணி ஆன் பண்ணா திரும்ப வருது

பாண்டில அரும்பார்த்தபுரம் மேம்பாலம் ஏறும்போது ரெண்டு பேரோட நின்னுடுதுன்னு நிறைய பேர் சொல்லியிருக்காங்க. சமதரைல ஓடும்போது தேவைப்படுற கரண்ட் கம்மி, ஏத்தத்துல பல மடங்கு இழுக்கும், அப்ப பலவீனமா இருக்கிறது எதுவோ அது கைய விரிச்சிடும்.

சார்ஜ் எவ்ளோ இருக்கும்போது கட் ஆகுதுன்னு கவனிங்க. பாதிக்கு கீழ இறங்கின பிறகு மட்டும்னா பேட்டரில ஒண்ணு வீக், கோளாறு 5-க்கு போங்க. ஏத்தத்துல வோல்ட் டபக்குன்னு கீழ விழுது, கன்ட்ரோலர் பேட்டரிய காப்பாத்த கட் பண்ணுது. 48 வோல்ட் வண்டில 42 கிட்டயும், 60 வோல்ட் வண்டில 52 கிட்டயும் இறங்கினா பெரும்பாலும் கட் ஆகும்.

ஃபுல் சார்ஜ்லயே கட் ஆகுதுன்னா எங்கயோ ஜாயிண்ட் லூஸ். அப்படி கட் ஆன உடனே வண்டிய ஓரமா நிறுத்தி, எம்சிபிய ஆஃப் பண்ணிட்டு ஒவ்வொரு தடி ஒயர் ஜாயிண்டையும் மேல் பிளாஸ்டிக்ல விரல் வச்சு தொட்டுப் பாருங்க. மத்ததெல்லாம் வெதுவெதுன்னு இருக்கும்போது ஒண்ணு மட்டும் சுட்டுச்சுன்னா அதுதான் குற்றவாளி. எம்சிபியவும் தொட்டுப் பாருங்க, பழைய எம்சிபிங்க உள்ள கருகி சூட்டுலயே விழும்.

மத்தியான வெயில்ல, அரை மணி நேரம் ஓட்டின பிறகுதான்னா கன்ட்ரோலர் சூடாகுது. அது இருக்கிற இடத்த சுத்தி துணி, ரெயின் கோட்டு, பை எதுவும் திணிச்சு வைக்காதீங்க. லித்தியம் வண்டில இதெல்லாம் சரியா இருந்தும் கட் ஆனா பிஎம்எஸ் வேலை, சர்வீஸ் சென்டர்.

## கோளாறு 5: முன்ன மாதிரி ஓட மாட்டேங்குது, சீக்கிரம் சார்ஜ் இறங்குது

கடலூர்ல இருந்து பாண்டிக்கு 22 கி.மீ. கிட்ட. போயிட்டு திரும்பி வந்துக்கிட்டு இருந்த வண்டி இப்ப திரும்பி வரும்போது ரெட்டிச்சாவடிலயே உயிர விடுதுன்னா உடனே பேட்டரி மாத்த கிளம்பிடாதீங்க.

காத்து பாருங்க, ரெண்டு டயர்லயும். கையால அமுக்கி பார்த்தா பத்தாது, பங்க்ல கேஜ் வச்சு வண்டிக்கு சொன்ன அளவுக்கு அடிங்க. காத்து கம்மியா இருந்தா மைலேஜ் கண்கூடா குறையும்.

அடுத்து பிரேக். சென்டர் ஸ்டாண்டுல ரெண்டு சக்கரத்தையும் சுத்தி விடுங்க, சர்ருன்னு உரசி உடனே நின்னா பிரேக் பிடிச்சுக்கிட்டு இருக்கு, பிரேக் கம்பி நட்ட லேசா லூஸ் பண்ணுங்க. மோட்டார் சக்கரம் காந்தத்தால கொஞ்சம் சீக்கிரம் நிக்கும், அது பரவால்ல.

அப்புறம் காத்து எதிர்ப்பு. கடல் ஓரமா போகும்போது சாயங்காலம் எதிர்காத்து அடிச்சா அதுக்கும் சார்ஜ் போகும், அது கோளாறு இல்ல.

இதெல்லாம் சரின்னா பேட்டரி. லெட் ஆசிட்: நாலோ அஞ்சோ ஆறோ இருக்கும், அதுல ஒண்ணு வீக் ஆனா செட்டே வீக் ஆன மாதிரி காட்டும். சார்ஜ் போட்ட உடனே அளந்தா எல்லாமே நல்லா காட்டும், ஏமாந்துடுவீங்க. சார்ஜ் நல்லா இறங்குற வரைக்கும் ஓட்டிட்டு வந்து, வந்த உடனே ஒவ்வொரு பேட்டரியையும் தனித்தனியா அளந்து பேட்டரி மேலயே மார்க்கர்ல எழுதுங்க. எல்லாம் 12 கிட்ட இருக்கும்போது ஒண்ணு மட்டும் 11-க்கு கீழ இருந்தா அதுதான். செட்டு ரொம்ப புதுசா இருந்தா அந்த ஒண்ண வாரண்டில மாத்துங்க. ஒரு வருஷத்துக்கு மேல ஓடின செட்டுல ஒண்ணு மட்டும் புதுசு போட்டா பழசோட சேர்ந்து அதுவும் சீக்கிரம் கெடும், முழு செட்டா மாத்துறதுதான் முறை. எல்லாமே ஒண்ணா இறங்கியிருந்தா செட்டுக்கு வயசாயிடுச்சு. தினம் ஓட்டுற லெட் ஆசிட் செட்டு ஒண்ணரை, ரெண்டு வருஷம் வந்தாலே பெரிய விஷயம்.

லித்தியம்: தனித்தனியா அளக்க வழியில்ல. கம்பெனி சொன்னபடி ஒரு தடவை ஃபுல் சார்ஜ் பண்ணி, சார்ஜர் பச்சை காட்டின பிறகும் ரெண்டு மணி நேரம் விட்டுப் பாருங்க, பக்கத்துல ஆள் இருக்கிற நேரத்துல, ராத்திரி தூங்கும்போது வேண்டாம். பிஎம்எஸ் செல்லுங்கள சமப்படுத்த அந்த நேரம் வேணும். அதுக்கும் மேல குறைஞ்சா சர்வீஸ் சென்டர்ல ரிப்போர்ட் எடுக்கச் சொல்லுங்க.

லெட் ஆசிட்ட காலியா போட்டு வைக்கவே கூடாது, அதுதான் அத கொல்றது. பத்து நாள் ஊருக்கு போறதா இருந்தா ஃபுல் சார்ஜ் பண்ணி எம்சிபிய ஆஃப் பண்ணிட்டு போங்க. லித்தியத்துக்கு நேர் மாறா பாதி சார்ஜ்ல வச்சுட்டு போறது நல்லது.

## கோளாறு 6: சார்ஜ் ஏறல

முதல்ல பிளக் பாயிண்ட்ல போன் சார்ஜர் போட்டு கரண்ட் வருதான்னு பாருங்க, எத்தனையோ தடவை அங்கயே முடிஞ்சிருக்கு. பிளக் பின் கருகியிருந்தா பிளக்கையும் சாக்கெட்டையும் சேர்த்து மாத்துங்க.

சார்ஜர் லைட்டே எரியல: சார்ஜர் போயிருக்கு, இல்ல உள்ள பியூஸ்.

சிவப்பு எரியணும், போட்ட உடனே பச்சை எரியுது, பேட்டரியோ காலி: சார்ஜரால பேட்டரிய பார்க்க முடியல. சார்ஜிங் போர்ட் பின்ல களிம்பு, இல்ல சார்ஜிங் லைன் பியூஸ் போயிருக்கு, இல்ல சில வண்டில எம்சிபி ஆன்ல இருந்தாதான் சார்ஜ் ஏறும்.

நாள் முழுக்க சிவப்பாவே இருக்கு, பேட்டரி சுடுது: உடனே கழட்டுங்க. ஒரு பேட்டரி உள்ள ஷார்ட் ஆகியிருக்கலாம், இல்ல சார்ஜர் அதிகமா அடிக்குது. லெட் ஆசிட் சார்ஜர் முனைல 48 வோல்ட் வண்டிக்கு 59 கிட்டயும், 60 வோல்ட் வண்டிக்கு 73, 74 கிட்டயும் வரும், அதத் தாண்டினா சார்ஜர தூக்கிப் போடுங்க. லித்தியம் சார்ஜர் சிலது பேட்டரில மாட்டாம அளந்தா பூஜ்யம்தான் காட்டும், அத கெட்டுப்போச்சுன்னு நினைக்காதீங்க.

இப்ப ரொம்ப முக்கியமானது. நிறைய லெட் ஆசிட் வண்டில சார்ஜிங் போர்ட் கம்ப்யூட்டர் பவர் கேபிள் மாட்டுற மூணு பின் மாதிரியே இருக்கும். அந்தக் கம்ப்யூட்டர் கேபிள நேரா சுவத்துல இருந்து வண்டில மாட்டினா 230 வோல்ட் ஏசி அப்படியே பேட்டரிக்குள்ள போகும், வெடிக்கும். வீட்ல பசங்ககிட்டயும் பெரியவங்ககிட்டயும் போர்ட்ட காட்டியே சொல்லி வைங்க. அதே மாதிரி பக்கத்து வீட்டு சார்ஜர வாங்கி போடாதீங்க, பின் ஒண்ணா இருந்தாலும் உள்ள பிளஸ் மைனஸ் மாறியிருக்கும், வோல்ட்டும் மாறும்.

வெயில்ல ஓட்டிட்டு வந்த உடனே சார்ஜ் போடாதீங்க, அரை மணி நேரம் ஆறட்டும். வாசப்படி வழிய அடைச்சுக்கிட்டு வண்டிய நிறுத்தி ராத்திரில சார்ஜ் போடுறத தயவு செஞ்சு விட்டுடுங்க, ஏதாவது ஆச்சுன்னா வெளிய வர வழி இருக்காது.

## கோளாறு 7: வண்டி ஓடுது, ஆனா லைட், ஹாரன், இண்டிகேட்டர் எதுவும் இல்ல

கன்வெர்ட்டர். பெரிய வோல்ட்ட 12 வோல்ட்டா குறைச்சு கொடுக்கிற சின்ன டப்பா. உள்ள வோல்ட் போகுது, வெளிய 12 வரலன்னா மாத்துங்க, நாலு ஒயர்தான். லைட் மட்டும் இல்ல, ஹாரன் இருக்குன்னா பல்போ சுவிட்ச்சோதான்.

## கோளாறு 8: பின் சக்கரம் ஆடுது, டக் டக்னு சத்தம், பங்க்சர் போட்ட பிறகு ஓடல

பங்க்சர் கடைல பின் சக்கரத்த கழட்டினா பக்கத்துலயே நில்லுங்க. மோட்டார் ஒயர் கனெக்டர கழட்டாம சக்கரத்த இழுத்தா உள்ள ஒயர் அறுந்துடும். மாட்டும்போது அச்சு திரும்பாம பிடிக்கிற வாசர் பழைய இடத்துல உக்காரணும், நட்டு நல்லா இறுகணும். அது லூஸா இருந்தா ஆக்ஸிலேட்டர் முறுக்கும்போது அச்சே சுத்தி ஒயர முறுக்கி அறுத்துடும், அந்த டக் டக் சத்தம் அதோட ஆரம்பம். சத்தம் கேட்டா ஓட்டாம நட்ட இறுக்குங்க. டியூப்லெஸ் டயர்னா சக்கரத்த கழட்டாமலே பங்க்சர் போடச் சொல்லுங்க.

## கோளாறு 9: மழைல, வெள்ளத்துல நனைஞ்சு போச்சு

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் பாண்டிகிட்ட கரைய கடந்தப்ப ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் தண்ணி நின்னதும், அடுத்த ரெண்டு மூணு நாள்ல தென்பெண்ணையாத்துல தண்ணி வந்து கடலூர் பக்கம் பாதிச்சதும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அப்ப கெட்ட வண்டில பல வண்டி தண்ணில கெடல, தண்ணி வடிஞ்ச உடனே "ஓடுதா பார்ப்போம்"னு சாவி போட்டதுலதான் கெட்டுச்சு.

மழைல நனைஞ்சது மட்டும்தான்: எம்சிபி ஆஃப், சீட்ட திறந்து காத்தாட நிழல்ல ஒரு நாள் முழுக்க விடுங்க. கனெக்டர் எல்லாம் கழட்டி கிளீனர் அடிச்சு காய வைங்க. அதுக்கப்புறம் சாவி.

மோட்டார் முங்குற அளவுக்கு தண்ணில நின்னுச்சு: சாவி போடாதீங்க. சக்கரத்த கையால சுத்தும்போது உள்ள தண்ணி சலசலன்னு கேட்டா மோட்டார் மூடிய மெக்கானிக் திறந்து காய வச்சு பேரிங் பார்க்கணும். தள்ளிப் போட்டா உள்ள துரு ஏறி மோட்டாரே போயிடும்.

பேட்டரி பெட்டி முங்குச்சு: லித்தியம்னா சார்ஜே போடக்கூடாது, வீட்டுக்குள்ளயும் வைக்கக்கூடாது, பார்க்க நல்லா இருந்தாலும் சில நாள் கழிச்சு கூட தீப்பிடிக்கும். உப்பனாறு பக்கம் மாதிரி உப்புத்தண்ணி ஏறின இடம்னா ஆபத்து இன்னும் அதிகம். இன்சூரன்ஸ் இருக்கிற வண்டின்னா எதையும் கழட்டாம, தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சுன்னு போட்டோ எடுத்து முதல்ல அவங்களுக்கு சொல்லுங்க.

தண்ணி ஃபோர்ஸா அடிச்சு வாட்டர் சர்வீஸ் பண்றது எப்பவுமே வேண்டாம். ஈரத்துணியால துடைச்சா போதும். பீச் ரோட்டுல தினம் நிறுத்துற வண்டின்னா மாசம் ஒரு தடவை கனெக்டர் பார்க்கணும், மத்தவங்க ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒண்ணு, மார்கழி கழிஞ்சு ஒண்ணு.

## மெக்கானிக்கிட்ட போகும்போது

என்னென்ன பார்த்தீங்க, மீட்டர்ல எவ்ளோ காட்டுச்சுன்னு எழுதி எடுத்துட்டு போங்க. பேட்டரி மாத்தணும்னு சொன்னா உங்க கண் முன்னாடி ஒவ்வொண்ணையும் அளந்து காட்டச் சொல்லுங்க, கன்ட்ரோலர் மாத்தணும்னு சொன்னா தடி ஒயர கழட்டி சக்கரத்த சுத்திக் காட்டச் சொல்லுங்க. நல்ல மெக்கானிக் இதுக்கு கோவிச்சுக்க மாட்டாரு. மாத்தின பழைய பார்ட்ட கேட்டு வாங்கிக்கோங்க. பழைய லெட் ஆசிட் செட்டுக்கு எடை கணக்குல காசு உண்டு, அத பில்லுல கழிச்சுட்டுத்தான் புது செட்டுக்கு பணம் கொடுக்கணும்.